ஸ்பானர் பிடிக்க வெட்கமா?

கரும்பலகையில் அதிர்வுத் தணிப்புக்குச் சமன்பாடு எழுதும் நாம், ஸ்பானரைக் கையிலெடுக்க ஏன் கூசுகிறோம், தோழர்களே?

விடுதியருகே இட்லிக்கடை நடத்தும் அண்ணாச்சியிடம் ஒரு குட்டியானை உண்டு. (2005-இல் வந்த டாட்டா ஏஸைத் தில்லிக்காரரும் ‘சோட்டா ஹாத்தி’ என்றே அழைக்கின்றனர். பெயர் சூட்டுவதில் வடக்கென்ன, தெற்கென்ன!) வேகத்தடை தாண்டிய பின்னும் அது குதித்துக்கொண்டே போயிற்று. பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது இது. துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது. பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

காஷ்மீரி கேட்டில் இரண்டாகவே வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஒற்றைச் செருப்பு வாங்கிய கதைதான்.

“ஜாக்கி போதும், தம்பி” என்று அண்ணாச்சி வண்டிக்கடியில் நுழையப் பார்த்தார். நான் விடவில்லை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். இந்த ஒன்றில் சிக்கனம் பார்ப்பவர் வேலையை ஒர்க்‌ஷாப்பிலேயே விடட்டும். கார்களில் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்து வருவதை வீட்டில் பிரிப்பதும் வீரமன்று, விபரீதம்.

மற்றபடி மேலொரு போல்ட், கீழொரு போல்ட். வண்டியைத் தரையிலிறக்கிப் பாரம் ஏறியபின்பே அவற்றை இறுதியாக முறுக்கவேண்டுமாம். இல்லையேல் ரப்பர் புஷ் திருகிக் கிழியும். இது அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.