சிப்பிக்கு மண்தான் சாட்சி

அரியலூர் வங்கக் கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்க ஓரங்களிலும், பக்கத்திலுள்ள காரை ஊரின் ஓடைகளிலும் கடற்சிப்பி கிடைக்கிறது. கையில் எடுப்பவர்கள் எடை பார்த்து, நிறம் பார்த்து, “கல்லாகிப்போனது” என்றோ “புதுசு” என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சிப்பியை மட்டும் பார்த்துச் சொல்லும் அந்தத் தீர்ப்பு பல நேரம் தவறிவிடும். அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கிரைஃபியா சிப்பிகளுக்கு வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். கால்சைட்டால் ஆன தடித்த ஓடு என்பதால், வளர்ச்சி வரிகள்கூட அழியாமல் நேற்று ஒதுங்கியதுபோல் இருக்கும். மறுபக்கம், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்தெடுத்த சங்கு வளையல் துண்டுகளைப் பாருங்கள். வெளுத்து மிகப் பழையதாகத் தெரிந்தாலும் அவை ஈராயிரம் ஆண்டுகளையொட்டியவை. கடற்கரையிலிருந்து மனிதர் சுமந்து வந்தவை. சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டி வண்டியாகப் போன கிளிஞ்சலில் சிந்தியதும் இன்று உள்நாட்டு மண்ணில்தான் கிடக்கிறது. வினிகர் விட்டுப் பார்ப்பதும் வீண். பழையதும் புதியதும் ஒன்றுபோலவே நுரைக்கும்.

அம்மோனைட் போன்ற சுருள் ஓடு என்றால் உருவமே போதும் என்பார்கள். உண்மைதான், அந்த இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. ஆனால் இன்றைய கடலிலும் உறவுகள் வாழும் சாதாரணச் சிப்பிக்கு அந்த வசதி இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் பாறை அடுக்கைத்தான் கேட்க வேண்டும். உள்குழிவில் இறுகியிருப்பது சுற்றிலுமுள்ள அதே பாறையா, அதே அடுக்கில் கூடவே வேறு சிப்பிகள் உண்டா, அல்லது பக்கத்தில் பானை ஓடும் சாம்பலும் கிடக்கிறதா என்பதே வழக்கைத் தீர்க்கும்.

சிப்பியை எடுக்காமல் விட்டுவைத்தால் லாரிச் சக்கரமோ சுரங்கமோ விழுங்கிவிடும் என்பதும் நியாயமான கவலைதான். சிமென்ட்டுக்காக வெட்டப்படும் அரியலூரில் அது அன்றாடம் நடக்கிறது. அதனால் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் நாணயம் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறையில் பதிந்திருந்ததா, தளர்ந்து கிடந்ததா என்று எழுதிவையுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவாதீர்கள். புவியியலாளர் முதலில் கேட்கப்போவது அந்த மண்ணைத்தான்.