டில்லி காலேஜ் மனுவும் பக்கத்து வீட்டு மார்க்கும்

கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் கரோல்பாகிலோ ஆர்.கே.புரத்திலோ நம்மவர் இருவர் சந்தித்தால் பேச்சு ஒன்றுதான். "உங்க பையனுக்கு எவ்வளவு சார்?" பதிலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் தம் பிள்ளையை ஏசுகிறார். மறுநாள், விருப்பப் பட்டியலின் தலையில் இருந்த இரண்டு காலேஜ்களை அடிக்கச் சொல்கிறார். "அவனுக்கே கிடைக்காது, உனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?" என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தில் அர்த்தமே இல்லை. 2021 வரை டில்லி சர்வகலாசாலையில் 'கட்-ஆப்' முறை இருந்தது. அந்த ஆண்டு ஸ்ரீராம் காமர்ஸ் காலேஜ் பி.காம். ஆனர்ஸுக்கு 100 சதவீதம் கேட்டது. அப்போது பட்டியலைப் பார்த்ததுமே நம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடலாம். 2022 முதல் 'க்யூட்' நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. ஒரே பாடத்தைப் பல வேளைகளில் எழுதுகிறார்கள். ஒரு தாள் கடினமாயிருக்கும், மற்றது எளிதாயிருக்கும். அதைச் சரிக்கட்டிய மார்க்கே கணக்கு. படிப்புக்குப் படிப்பு சேரும் பாடங்களும் வேறு. பக்கத்து வீட்டுப் பையன் கணிதம் எழுதி பி.காம். கேட்கிறான், நம் பெண் தமிழும் சரித்திரமும் எழுதி பி.ஏ. கேட்கிறாள். இருவரையும் எந்தத் தராசில் நிறுப்பது? (மொழித்தாளாகத் தமிழையே எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.)

கம்ப்யூட்டர் நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் காலேஜுக்கு மார்க் எட்டாவிட்டால் அடுத்ததற்குப் போகிறது. எட்டாததை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைநழுவுவதில்லை. எழுதாமல் விட்டால்தான் நஷ்டம்.

இன்னும் சிலர் முதல் நாள் காலையிலேயே மனுவை அனுப்பிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ரயில்வேக்காரன் சொல்கிறேன், இது தட்கல் டிக்கெட் இல்லை. இருவருக்கு ஒரே மார்க் வந்தால் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் பார்ப்பார்களே தவிர, யார் முந்தி மனுப் போட்டார் என்று பார்ப்பதில்லை.

முந்த வேண்டியது சான்றிதழில். பிற்படுத்தப்பட்டோருக்கு இங்கே 27 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஊரில் தாசில்தார் கொடுத்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழை நீட்டினால் போதாது. ஜாதி மத்திய அரசுப் பட்டியலில் இருக்க வேண்டும். 'கிரீமி லேயர்' இல்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் புதிதாக வாங்கிய சான்றும் வேண்டும். அதை இங்கே வாங்கப் போனால் தகப்பனாரின் ஊர்ச் சான்றைக் கேட்பார்கள். அதுவோ ஊரில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். ஆகவே ஏப்ரலிலேயே அலைய ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஆபீசில் ஒரு கலாசியின் மகளுக்கு நல்ல மார்க். சான்றிதழ் கைக்கு வந்தபோது கெடு முடிந்திருந்தது. பொதுப் பிரிவில் போட்டி போட்டு, கேட்ட படிப்பு கிடைக்கவில்லை.

வருமானம் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது, நமக்குக் கிடையாது என்று மனுவே போடாத குமாஸ்தாக்களையும் பார்க்கிறேன். மத்திய அரசில் குரூப் 'சி' ஊழியரின் சம்பளமும், நிலத்திலிருந்து வரும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவே சில சமயம் இதை அறியாமல் திருப்பி அனுப்புகிறார். விதியைச் சொல்லி, நின்று வாதாட வேண்டும்.

இடம் ஒதுக்கிய பிறகு இன்னொரு கண்டம். குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்த சுற்றில் பெயர் வராது. ஏற்றுப் பணம் கட்டிவிட்டு, மேலே உள்ள காலேஜுக்கு 'அப்கிரேட்' கேட்டுக் காத்திருக்கலாம். நண்பர் பிள்ளைக்கு ஹிந்து காலேஜ் கிடைத்துவிட்டதே என்ற ரோஷத்தில், தம் பெண்ணுக்கு வந்த இடத்தை உதறினார் ஒருவர். அவள் இப்போது தபால் வழியில் படிக்கிறாள்.