ஒரு கைப்பிடிக் கொழுந்து



மாலைக் கொழுந்து நிறுக்கப் போகும் நேரம். காலையிலிருந்து காய்ச்சலோடு மலையில் நின்ற ஒருவரின் கூடை நிறையவில்லை. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். பக்கத்து நிரையில் நின்ற அக்கா ஒன்றும் பேசாமல் தன் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி அந்தக் கூடையில் போடுகிறார். அடுத்தவரும் ஒரு கைப்பிடி போடுகிறார். தராசில் ஏறும்போது முழுப்பேர். "நாளைக்கு எனக்கும் இப்படி வரும்தானே" என்பதோடு பேச்சு முடிகிறது.

இதைப் பார்க்காத மலை எங்கும் இல்லை. குளவி கலைந்தால் தான் மட்டும் ஓடாமல், விழுந்தவரைப் படங்கால் மூடி இழுத்துவருபவர் உண்டு. பிள்ளை மடுவத்துக்குப் பால் கொடுக்க ஓடும் தாயின் நிரையையும் சேர்த்து எடுத்துவிடுபவர் உண்டு. மாதக் கடைசியில் ஒரு சுண்டு அரிசி லயத்துக் கதவுகளைத் தாண்டிப் போகும். சாவு விழுந்த வீட்டுக்கு மற்ற வீட்டு அடுப்பிலிருந்து சோறு வரும். எந்தச் செக்ரோலிலும் இவை பதியப்படுவதில்லை.

ஒருவரின் அரைப்பேர் எல்லோருடைய கவலை என்று அந்த அக்காவுக்குத் தெரியும். சங்கம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எமக்குத் தெரியாது. கொழுந்தைப் போடும்போது "நீ எந்தச் சங்கம்" என்று அவர் கேட்பதில்லை என்பதையும் சங்கத் தலைவர்களாகிய நாம் மறக்கக்கூடாது.

கேரளத்தின் மூணாறு தோட்டங்களில் 2015 செப்டெம்பரில், போனஸ் 10 வீதமாகக் குறைக்கப்பட்டது. எம்மைப்போலத் தமிழ் பேசும், கொழுந்தெடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். தங்களைப் 'பெண்கள் ஒற்றுமை' என்று அழைத்துக்கொண்டார்கள். முன்னால் வர முயன்ற தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவர்களுக்குக் காரியாலயமோ சந்தாப் புத்தகமோ இருக்கவில்லை. ஒரே மலையில் நின்று, ஒரே லயத்தில் வாழ்ந்த நெருக்கம் இருந்தது. 20 வீதத்துக்கு ஈடான தொகையை வாங்கிக்கொண்டே எழுந்தார்கள். தொழிற்சங்கங்களுக்கும் அது பாடம்.

அந்த நெருக்கத்துக்கு இன்று இங்கே ஆபத்து வந்திருக்கிறது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, பல தோட்டங்களில் கேட்கும் கிலோவும் கூடவே ஏறியது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. கிலோ ஏற ஏற, கொடுக்க நினைக்கும் கையிலேயே கொழுந்து மிஞ்சுவதில்லை. கூடைக்கு என்றும் தண்ணிக்கு என்றும் தராசில் கழிக்கும்போது இன்னும் குறைகிறது. நாட்பேர் இல்லாமல் கிலோவுக்கு மட்டுமே காசு என்னும் நாட்களில், தோழிக்குப் போடும் ஒவ்வொரு பிடியும் சொந்தப் பிள்ளையின் கொப்பிக் காசு. ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்க வைத்தால் கூட்டம் தானாகக் கலையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரிக்கு ஓய்வும் மருந்தும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. குளவிக்கூட்டை அகற்றுவதும், கொட்டுப்பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கொடுப்பதும் அதன் கடமையே. எமது தோழமையைக் காட்டி எவரும் அந்தக் கடமையிலிருந்து தப்ப விடக்கூடாது.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு மலையிலும் யாருக்கு அரைப்பேர் விழுந்தது, எத்தனை கிலோ குறைந்தது, தராசில் எவ்வளவு கழித்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். தோட்டக் கமிட்டி மூலம் அதைக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது அந்தக் கொப்பியே எமது ஆதாரமாக இருக்கும்.

அதுவரை, பக்கத்துக் கூடையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தராசுக்குப் போங்கள்.