ஹெல்மெட் மாட்டினால் மட்டும் போதுமா? ஆல்ப்ஸ் பனிச்சறுக்கில் பலரும் கோட்டை விடும் விஷயங்கள்

இத்தாலியின் பனிச்சறுக்குத் தளங்களில் 2025 நவம்பர் 1 முதல், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். அதற்கு முன்பு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டாயம் இருந்தது. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால், 'ஹெல்மெட் வாங்கியாச்சு, இனி என்ன பயம்?' என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டால் சிக்கல்.

முனிச்சிலும் சூரிச்சிலும் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்களுக்கு ஆல்ப்ஸ் இப்போது வீக்எண்ட் தூரம்தான். ஜாக்கெட், காகில்ஸ், கிளவுஸ், லிஃப்ட் பாஸ் என்று செலவு எகிறுகிறது. ஆனால் ஆல்ப்ஸில் உயிரைக் காப்பாற்றும் பல விஷயங்களுக்குப் பெரிய செலவே இல்லை. வாடகைக் கடையில் உண்மையைச் சொல்வது, முன்னால் போகிறவருக்கு வழி விடுவது, எச்சரிக்கைப் பலகையைப் படிப்பது, பாலிசியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது. இந்த நான்கிலும்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஹெல்மெட் எவ்வளவு தாங்கும்?

ஐரோப்பாவில் விற்கப்படும் ஸ்கீ ஹெல்மெட்டுகளுக்கு 'ஈ.என். 1077' என்ற தரச் சான்று உண்டு. அந்தச் சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழ விடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். ஓரளவு பழகியவர்களே சாதாரணமாக 40 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு மரத்தில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சான்றிதழில் பதில் இல்லை.

2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸின் மெரிபெல் பகுதியில் மைக்கேல் ஷூமாக்கர் விழுந்து பாறையில் மோதியபோது தலையில் ஹெல்மெட் இருந்தது. அவர் இருந்தது குறியிட்ட இரண்டு பாதைகளுக்கு நடுவே, பராமரிக்கப்படாத பனிப்பரப்பில். ஹெல்மெட் இல்லை என்றால் அவர் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று அப்போது மருத்துவர்கள் சொன்னார்கள். ஆக, ஹெல்மெட் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் அது வேகத்துக்கும் பாதை மாறுவதற்கும் லைசென்ஸ் கிடையாது.

கடையில் எடையைக் குறைத்துச் சொல்லலாமா?

கூடவே கூடாது. காலணியை ஸ்கீயுடன் பிணைக்கும் பகுதிதான் பைண்டிங். விழும்போது அது சரியான அழுத்தத்தில் காலை விடுவிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, காலணியின் அடிப்பகுதி நீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றை வைத்துக் கடைக்காரர் செட் செய்வார். இதைத்தான் 'டின்' அளவு என்கிறார்கள்.

கூச்சத்தில் எடையைக் குறைத்துச் சொன்னால், ஸ்கீ தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடும். புதியவர் ஒருவர் கெத்துக்காக 'எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்' என்று அளந்துவிட்டால், விழுந்தாலும் கழலாது. முறுக்கு முழுவதும் காலில் இறங்கும். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடும் உறுப்பு முழங்கால்தான். சரியாக செட் செய்த பைண்டிங்கும் முழங்கால் தசைநாரை எல்லா நேரமும் காப்பாற்றிவிடாது. தப்பாக செட் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். நண்பரின் ஸ்கீயை அப்படியே கடன் வாங்கி ஓட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

மோதினால் யார் மேல் தப்பு?

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ். பத்து நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. அதில் மிக முக்கியமானது இது: பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராதபடி தன் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் போகிறவர் திடீரென்று திரும்பினாலும், தடுமாறினாலும் பொறுப்பு மேலே இருந்து வருகிறவருக்கே. நம்மூர் சாலைபோல ஹாரன் அடித்து ஒதுக்கும் வேலையெல்லாம் அங்கே நடக்காது. நிற்பதாக இருந்தால் பாதையின் ஓரத்தில், மேலே இருந்து வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும்.

இதெல்லாம் சும்மா அறிவுரை இல்லை. விபத்து வழக்குகளில் ஆல்ப்ஸ் நாடுகளின் நீதிமன்றங்கள் இந்த விதிகளை அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. 2009 ஜனவரி 1 அன்று ஆஸ்திரியாவில் ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வராக இருந்த டீட்டர் ஆல்டௌஸ், ஒரு பெண்ணுடன் மோதினார். அந்தப் பெண் இறந்துவிட்டார்; ஆல்டௌஸ் தலையில் பலத்த காயத்துடன் பிழைத்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவரை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 33,300 யூரோ அபராதம் விதித்தது. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார், அந்தப் பெண் போட்டிருக்கவில்லை. ஹெல்மெட் விற்பனை சூடுபிடிக்க அந்த விபத்து ஒரு காரணமானது. மோதலுக்குக் காரணமான கவனக்குறைவைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

கயிற்றைத் தாண்டினால் என்ன ஆகும்?

குறியிட்ட பாதைகளை நிர்வாகம் கண்காணிக்கும். பனிச்சரிவு ஆபத்து இருந்தால் மூடிவிடும். கயிற்றைத் தாண்டி ஆஃப் பிஸ்ட் போய்விட்டால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. அங்கே நான்கு பேர் போன தடம் தெரிந்தால், அது பத்திரமான இடம் என்று அர்த்தம் இல்லை.

ஐரோப்பாவில் பனிச்சரிவு ஆபத்து 1 முதல் 5 வரை அளவிடப்படுகிறது. '5-க்கு 3 தானே, மீடியம்தான், பார்த்துக்கலாம்' என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குதான் ஆளைக் கொல்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து மடங்காகக் கூடும். 3 என்றால் ஒரே ஒரு ஆளின் எடைகூடச் சரிவைத் தூண்டிவிடலாம். உயிரிழப்புகளில் பெரும் பங்கு நடப்பதும் இந்த மூன்றாம் நிலையில்தான். 4, 5 என்றால் மக்கள் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். 3 என்றால் துணிந்து போகிறார்கள்.

பனியில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிய விஷயம். ஹெலிகாப்டர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நேரத்துக்குள் வருவது கடினம். காப்பாற்றப்போவது கூட வந்த நண்பர்தான். அதனால்தான் சிக்னல் அனுப்பும் பீக்கன், துழாவும் கம்பி, ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தியும் பழகியிருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து, அவரே புதைந்துவிட்டால் என்ன செய்வது?

2012 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் லெக் அருகே நெதர்லாந்து இளவரசர் ஃப்ரிசோ ஆஃப் பிஸ்ட்டில் பனிச்சரிவில் சிக்கினார். அன்று ஆபத்து நிலை 4. சுமார் 25 நிமிடம் புதைந்து கிடந்தவர், முழு நினைவு திரும்பாமலேயே 2013 ஆகஸ்டில் இறந்தார். வசதிக்கோ உதவிக்கோ குறையே இல்லாத மனிதர் அவர்.

விசா இன்சூரன்ஸ் போதாதா?

இந்தியாவிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பார்கள். ஆனால் பல பயண பாலிசிகளில் பனிச்சறுக்கு 'சாகச விளையாட்டு' என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆஸ்திரியாவில் ஹெலிகாப்டர் மீட்பு என்றால் பில் ஆயிரக்கணக்கான யூரோவில் வரும். இன்னொருவர் மேல் மோதினால் வரும் இழப்பீடு தனிக் கணக்கு. இத்தாலியில் 2022 முதல் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பாதையில் இறங்கவே முடியாது. மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றலாம்.

கிளம்பும் முன்பு…

* முதல் முறை என்றால் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நண்பர் நன்றாக ஓட்டுவார், சொல்லித் தரத் தெரியுமா என்பது வேறு விஷயம்.
* பாதை நிறங்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு.
* சன்ஸ்கிரீன் கட்டாயம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.
* அவசர எண் 112. ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140, சுவிட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டருக்கு 1414.
* கால் தளர்ந்துவிட்டால் 'கடைசியா ஒரு ரவுண்டு' வேண்டாம். லிஃப்ட்டிலேயே கீழே இறங்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

'லீவுக்குப் போன இடத்தில் இவ்வளவு யோசிக்கணுமா?' என்று கேட்கலாம். மேலே சொன்ன பெரும்பாலான சரிபார்ப்புகளுக்கு மொத்தமாக அரை மணி நேரம்கூட ஆகாது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய அரசுகள், அடுத்து வாடகைக் கடைகளையும் லிஃப்ட் நிறுவனங்களையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பாஸ் விற்கும்போதே பத்து விதிகளையும் அன்றைய பனிச்சரிவு நிலையையும் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் மொபைலுக்கு அனுப்பினால் என்ன? ஆஃபர் மெசேஜ் தவறாமல் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.