கெடிலக்கரை அலங்காரம்

கெடில நதியின் கரையை அழகுபடுத்த வேண்டும் என்று கடலூர்ப் பிரமுகர்கள் சிலர் ஒரு மகஜர் தயாரித்து, கையெழுத்துக்காக எனக்கும் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், மரியாதைப்பட்டவர்கள். என் கதைகளைப் படித்துவிட்டு மூன்று பக்கம் கடிதம் எழுதுகிற ஒருவரும் அவர்களில் இருக்கிறார். அண்ணா பாலத்திலிருந்து கிழக்கே ஆற்றோரமாகச் சிமெண்டு நடைபாதை, வரிசையாக விளக்குகள், குரோட்டன்ஸ் செடிகள், உட்காரப் பெஞ்சு, குழந்தைகளுக்குச் சறுக்குமரம் என்று கோரிக்கைகள் நீள்கின்றன. கடைசிக் கோரிக்கை, கரையிலுள்ள குடிசைகளை உடனடியாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது. இத்தனை பெரிய மகஜரில் ஆற்றில் விழுகிற சாக்கடையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நான் கையெழுத்துப் போடவில்லை. "ஊர் அழகாவது எழுத்தாளருக்குப் பிடிக்கவில்லையோ?" என்று கேட்டு அனுப்பினார்கள். பிடிக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து பாதிரிப்புலியூருக்குப் போகும்போது பாலத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த நாற்றம் குடிசையிலிருந்து வரவில்லை, நம் வீடுகளிலிருந்து வருகிறது. இதைச் சொன்னால் கோபம் வரும். கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் சர்க்கார் இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் அளவு. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்குத்தான். ஆக ஆளுக்கு 108 லிட்டர். 2011 ஜனத்தொகைக் கணக்கில் கடலூர் நகராட்சியில் 1,73,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2021-ல் அது மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. பழைய எண்ணிக்கையையே வைத்துப் பெருக்கினாலும், இந்த அளவுப்படி, நாளொன்றுக்கு 1 கோடியே 86 லட்சம் லிட்டர் சாக்கடை. பத்தாயிரம் லிட்டர் டாங்கர் லாரியில் ஏற்றினால் 1,860 லாரி. இதில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது, கொஞ்சம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, மீதி வாய்க்கால் பிடித்துக் கெடிலத்துக்கும் உப்பனாற்றுக்கும் போகிறது.

குடிசைக்காரி தெருக்குழாயில் வரிசை நின்று பத்துக் குடம் பிடித்தால் அது குடும்பத்துக்கே 150 லிட்டர். நம்மில் ஓர் ஆளின் பங்கை அவள் ஐந்து பேருக்குப் பங்கிடுகிறாள். இல்லாத தண்ணீரை அவளால் அழுக்காக்க முடியாது. மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி, மூன்று குளியலறையிலும் ஷவர் வைத்திருக்கிறோமே, நாம்தான் ஆற்றுக்குப் பெரிய வாடிக்கைக்காரர்கள். "எங்கள் வீட்டில் செப்டிக் டாங்க் இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது. அதன் வழிநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பல வீடுகளில் அது தெருவோரத்து மழைநீர் வாய்க்காலில் முடிகிறது. மழைநீர் வாய்க்கால் ஆற்றில் முடிகிறது. குடிசைக்காரர் ஆற்றை அசுத்தம் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. கக்கூஸ் இல்லாதவர் வேறென்ன செய்வார்? அவர் செய்வது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. நாம் செய்வது குழாய்க்குள் போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஆறு எவ்வளவு அழுக்கையும் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று இன்னொரு நம்பிக்கை. தண்ணீரிலுள்ள அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளக்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் அந்தச் செலவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுச் சாக்கடையில் அது சாதாரணமாக 200, 300. ஒரு குடம் சாக்கடையைக் குளிக்கிற தண்ணீராக்க, நூறு குடம் அப்பழுக்கற்ற தண்ணீர் வேண்டும். கெடிலம் வற்றாத ஜீவநதியாக இருந்தால் தேவலை. மழைக்காலம் போனால் மேலேயிருந்து தண்ணீர் வருவது அரிது. கழிமுகத்துக்கு அருகே கடல் நீர் நாளைக்கு இரண்டு முறை உள்ளே ஏறி, போகிற சாக்கடையையும் திருப்பிக் கொண்டுவந்து நம்மிடமே கொடுக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் அதுவும் இல்லை. கோடையில் கடலூரில் ஓடுவது கெடிலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓடுவது நாம்தான்.

இதே நதியின் கரையில்தான் திருவதிகையில் நாவுக்கரசருக்குச் சூலைநோய் தீர்ந்தது. கடலூருக்கு வந்து சேர்ந்தபின் இதில் ஒரு வாய் குடித்தால் இல்லாத சூலை வரும்.

மகஜர்க்காரர்கள் என்னை விட்டுவிடவில்லை. சிங்கப்பூரைப் பாருங்கள், லண்டனைப் பாருங்கள் என்று எழுதினார்கள். பார்க்கலாம், ஆனால் முழுதும் பார்க்க வேண்டும். 1977-ல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று கெடு வைத்தார். 1987-ல் வேலை முடிந்தது. அந்தப் பத்து வருஷத்தில் பெஞ்சும் விளக்குமா போட்டார்கள்? வீடுகளுக்குச் சாக்கடைக் குழாய் இணைத்தார்கள். பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் எடுத்தார்கள். தெருவில் கஞ்சி விற்றவனுக்கும் மீன் பொரித்தவனுக்கும் தண்ணீரும் வடிகாலும் உள்ள கடைக்கட்டடம் கொடுத்தார்கள். கரையிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றினார்கள். அதன் பிறகு சேற்றை வாரினார்கள். கடைசியில்தான் கரைக்கு வந்தார்கள். அந்த ஊரிலும் வயிறெரிந்தவர்கள் இருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் வேலையின் வரிசை தலைகீழாக இல்லை.

லண்டன் கதை இன்னும் ருசியானது. 1858 கோடையில் தேம்ஸ் நாறியதில் பார்லிமெண்டு ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துக் கட்டினார்கள். மெம்பர்களின் மூக்கில் ஏறிய பிறகுதான் பணம் ஒதுக்க மனம் வந்தது. பாசல்ஜெட் என்ற இன்ஜினீயர், ஆற்றுக்குப் போகிற சாக்கடைகளை நடுவழியில் மறித்துப் பிடிக்கும் பெரிய சுரங்கக் குழாய்களைக் கட்டினார். 1870-ல் திறந்த விக்டோரியா கரைச்சாலையில் இன்றைக்கும் நம்மவர்கள் போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அழகான சாலையின் வயிற்றுக்குள் ஓடுவது அந்தச் சாக்கடைக் குழாய்தான்! குழாய்க்குக் கூரை போட்டார்கள், கூரை மேல் உலாவினார்கள். அப்படியும் அழுக்கைக் கீழே கொண்டுபோய் விட்டதோடு சரி என்று இருந்ததால், 1957-ல் விஞ்ஞானிகள் தேம்ஸை உயிரற்ற ஆறு என்றே சொல்லிவிட்டார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்படுத்திய பிறகே மீன் திரும்பிற்று. அகமதாபாத்தில் சபர்மதிக்கரை 2012-ல் திறந்தது, கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பளபளக்கிற தண்ணீர் நர்மதையிலிருந்து கால்வாயில் வந்தது. நமக்கு நர்மதை எங்கே இருக்கிறது?

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் கூவத்தைச் சீர்திருத்தும் வேலை அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல், தொடங்கியது. 1973-ல் படகு விட்டார்கள். படகுத்துறைகள் கட்டினார்கள். சாக்கடை நிற்கவில்லை, படகு நின்றுவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ திட்டங்கள். ஒவ்வொன்றிலும் தவறாமல் நடந்த காரியம் ஒன்று உண்டென்றால், கரையிலிருந்த ஏழைகளை லாரியில் ஏற்றியதுதான். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். வீட்டு வேலைக்குப் போன வீடு இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போயிற்று. இத்தனை ஜனங்கள் போன பிறகு கூவத்தின் நாற்றமும் போயிருக்க வேண்டுமே! கெடிலக்கரையிலும் இதே நாடகத்தை இரண்டாம் தடவை போடுவதற்கு என் கையெழுத்து எதற்கு?

சிமெண்டுக் கரை எழுப்ப நினைக்கிறவர்கள் இந்த ஆற்றின் குணத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட நாவுக்கரசர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்ட குப்பம் இருக்கிறது. இன்று அதன் பக்கத்தில் கெடிலம் இல்லை. முன்னாளில் பாதிரிப்புலியூர்க் கோயிலுக்குத் தெற்கே ஓடியது பிறகு வடக்கே திரும்பிற்று என்பார்கள். கெடிலத்துக்கென்றே புத்தகம் எழுதிய சுந்தர சண்முகனார் போன்ற புலவர்கள் பிறந்த ஊர் இது, இந்தச் செய்தி புதிதல்ல. 2015 நவம்பரில் ஊர் மூழ்கியது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்ததும் பெண்ணையாறு வீடுகளுக்குள் வந்தது. இந்தப் பிரதேசத்தில் ஆறு தன் கரையைத் தானே தீர்மானிக்கிறது. வெள்ளத்துக்கு இடம் விட்டு, நாணலும் தாழையும் வளரவிட்டால் அது கரை. அந்த இடத்தில் குரோட்டன்ஸ் வைத்தால் அடுத்த கார்த்திகையில் குரோட்டன்ஸ் வங்காள விரிகுடாவில் இருக்கும்.

மகஜரில் உப்பனாற்றின் பெயரே இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அங்கே யார் காலையில் உலாவப் போகிறார்கள்? 1980-களில் அதன் கரையோரம் சிப்காட் ரசாயன ஆலைகள் வந்தன. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு செய்யும் ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது 1989-ல். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார்கள். குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி ஜனங்கள் மூச்சு முட்டுகிறது, மீன் செத்து மிதக்கிறது என்று கதறியதை விசாரிக்க 2003-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் வந்தது. 2004-லிருந்து அந்தக் கிராமத்தார் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, என்னென்ன விஷம் இருக்கிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். வாளியில் காற்றா என்று சிரிக்காதீர்கள். பட்டணத்துப் பட்டதாரிகள் செய்யாத விஞ்ஞானத்தை அவர்கள் செய்தார்கள். ஆலைக் கழிவைக் குழாயில் கடலுக்குக் கொண்டுபோய் விட ஏற்பாடும் இருக்கிறது. கடல் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைப்பு. அதில் வலை போடுகிறவன் இருக்கிறான்.

1690-ல் ஆங்கிலக் கம்பெனிக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எங்கள் எல்லை என்றான். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். நம்முடைய மாநகராட்சிக்கும் அதே முறையில் எல்லை வகுக்கலாம். நம் சாக்கடை எதுவரை போகிறதோ அதுவரை நம் ஊர். அங்கேயுள்ள மீன்காரனும் நமக்கு வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கட்டும், அப்போது தெரியும்.

கடலூரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. தெற்கே ஒரு மணி நேரத்துக்குமேல் பஸ்ஸில் போனால் சிதம்பரம். ஆகாயத்துக்குக் கோயில் கட்டிய ஊர். ஊருக்கும் அண்ணாமலை நகருக்கும் நடுவே கான்சாகிப் கால்வாய் போகிறது. ஒரு பக்கம் ஆயிரம் வருஷப் பெருமை, மறுபக்கம் 1929-ல் தொடங்கிய சர்வகலாசாலை, இரண்டுக்கும் நடுவில் சாக்கடை. பக்தியும் படிப்பும் சேர்ந்தும் ஒரு கால்வாயைக் காப்பாற்ற முடியவில்லை. அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுப் பக்கம் போகிறது. 2022-ல் ராம்சார் சதுப்புநிலம் என்று உலகம் கௌரவித்த அந்தக் காட்டுக்கு நாம் படகில் போய் ஆஹா என்கிறோம். நமக்கு முன்பே நம் குளியலறைத் தண்ணீர் அங்கே போயிருக்கிறது.

பாதாளச் சாக்கடைக்காக ஆண்டுக்கணக்கில் தெருவைத் தோண்டினால் எல்லோரும் ஏசுகிறோம். ஏச வேண்டியதுதான், வேலை நடந்த லட்சணம் அப்படி. ஆனால் குழாய் வாசலுக்கு வந்த பிறகு நடப்பதையும் பாருங்கள். சிதம்பரத்தில் ஒரு நண்பர், அழகான மாடி வீடு, முன்கூடத்தில் ஊஞ்சல். "இணைப்புக்கு டெபாசிட் கட்டச் சொல்கிறான், மாதா மாதம் வேறு பணமாம், பழையபடி வாய்க்காலிலேயே விட்டால் என்ன சார் குறைந்துபோச்சு?" என்றார். முன்வாசல் கிரானைட்டுக்கு என்ன செலவாயிற்று என்று கேட்டேன். பெருமையாகவே சொன்னார். டெபாசிட்டைப்போல் பல மடங்கு.

மகஜர்க்காரர்களுக்கு என் கோரிக்கைகள் இவை. ஆற்றில் விழுகிற ஒவ்வொரு வாய்க்காலுக்கும் எண் போட்டு, எந்தத் தெருச் சாக்கடை எதில் வருகிறது என்று பாலத்தருகே பலகையில் எழுதுங்கள். மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து அந்த எண்களையும் அதே பலகையில் போடுங்கள். இணைப்பு வாங்காத மாடி வீட்டுக்கு முதல் நோட்டீஸ், குடிசைக்குக் கடைசி நோட்டீஸ், அதுவும் ஊருக்குள்ளேயே வீடு கொடுத்த பிறகு. அடைப்பு எடுக்க மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்திருக்கிறது, அதற்கு வேண்டிய இயந்திரத்தைத் திட்டத்தோடு சேர்த்தே வாங்குங்கள். உப்பனாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடைபாதை வேண்டுமானால் குழாயைப் புதைத்த மண்ணின் மேல் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனிச் செலவுகூட அதிகம் ஆகாது.