மெட்ரோ வந்துடுச்சு, நடக்க வழி எங்கே?

சென்னை மெட்ரோவில் குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். இறங்கின பிறகு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போக ஆட்டோ கேட்டுப் பாருங்க, பல நேரம் ரயிலை விட அதுதான் காஸ்ட்லி. "நடந்து போக வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு கிலோமீட்டர் நடக்க கால் மணி நேரம் போதும்.

ஆனா எதுல நடக்கறது? ஏ.சி. ஸ்டேஷன், எஸ்கலேட்டர் எல்லாம் தாண்டி வெளிய வந்தா பிளாட்பாரத்துல பைக் நிக்குது. அடுத்து ட்ரான்ஸ்ஃபார்மர். அப்புறம் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் ஒரு சரிவு, ஏறி இறங்கி ஏறி இறங்கி. கடைசில எல்லாரும் ரோட்டுலதான் நடக்கிறோம். நமக்கு 21 வயசு, சமாளிச்சுடுவோம். முட்டி வலியோட வர்ற அம்மா? வீல்சேர்ல வர்ற நண்பன்?

விதி இல்லாம இல்லை. இந்திய சாலை காங்கிரஸோட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி என்ன சொல்லுது தெரியுமா? நடைபாதைல தடையே இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. 1.8 மீட்டர்னா ரெண்டு வீல்சேர் எதிரெதிரே போகலாம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்னு சென்னை மாநகராட்சி 2014-லயே தனிக் கொள்கை கொண்டுவந்துச்சு. பிரச்சினை, பொறுப்பு சிதறிக் கிடக்கிறதுதான். ஸ்டேஷன் ஒருத்தர் கையில, ரோடு இன்னொருத்தர் கையில, மின்பெட்டி வேற ஒருத்தர் கையில, பார்க்கிங் போலீஸ் கையில.

"இந்த வெயில்ல யார் நடப்பா?"ன்னு சிலர் சொல்றாங்க. பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதையை அகலப்படுத்தினாங்க. அங்கேயும் இதே வெயில்தான், கூட்டம் நடக்குதே! வெயிலுக்குப் பதில் மரம், ஆட்டோ இல்லை. ரோட்டோரக் கடைகளைத் துரத்தணும்னும் நான் சொல்லல. அந்த 1.8 மீட்டரை விட்டுட்டு அவங்களுக்கும் இடம் ஒதுக்கலாம். கடை திறந்திருந்தா ராத்திரி நடக்கிற பொண்ணுங்களுக்கும் அது ஒரு துணை.

ஏன் இப்பவே பேசணும்? ரெண்டாம் கட்ட மெட்ரோவுக்காக மூணு வழித்தடம், கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர் வேலை எடுத்திருக்காங்க. தோண்டின ரோட்டை எப்படியும் திரும்பப் போடணும். போடும்போதே ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுத்தியும் 500 மீட்டருக்கு ஒழுங்கான நடைபாதை, நிழல், விளக்கு, தரைமட்டத்துலயே ரோட்டைக் கடக்க சிக்னல், இதெல்லாம் சேர்த்துப் போட்டா தனியா இன்னொரு தடவை உடைக்க வேண்டாம். இப்ப விட்டா, அடுத்து எப்போ அந்த ரோட்டைத் தொடுவாங்களோ!

நான் சிவில் இல்லை, மெக்தான். ஆனா டேப் பிடிக்க எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தா என்ன? உங்க ஸ்டேஷன் வாசல்ல இருந்து 500 மீட்டர் அளந்து பாருங்க. 1.8 மீட்டர் எங்கெங்க குறையுதோ அங்க போட்டோ எடுங்க. மாநகராட்சி எண் 1913-க்குப் புகார் பண்ணுங்க. ஒருத்தர் கேட்டா புலம்பல், ஒரு கிளாஸே அளவோட கேட்டா அது டேட்டா.