பணக்காரர் வரி நம் வீட்டுச் செலவைக் குறைக்குமா?

திருவண்ணாமலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா மூட்டைகளை இறக்கிவிட்டு அமர்ந்திருந்த விவசாயி ஒருவர், "ஐயா, கோடி கோடியாக வைத்திருப்பவர்களிடம் வரி வாங்கி எங்கள் மின் கட்டணத்தைக் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாமும் வரி கட்டுகிறவர்களே. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. பயிருக்கு வரவு செலவு பார்ப்பது போல இதற்கும் கணக்குப் பார்ப்போம்.

நம் நாட்டில் 1957 முதல் செல்வ வரி இருந்தது. 2013-14ஆம் ஆண்டில் அதன் மொத்த வசூல் 1,008 கோடி ரூபாய். மக்கள்தொகை சுமார் 125 கோடி என்று கொண்டால் தலைக்கு 8 ரூபாய்தான்! வசூல் செலவு அதிகம், வரவு குறைவு என்று கூறி 2015-ல் மத்திய அரசு அதை நீக்கியது. பதிலாக, ஆண்டு வருமானம் 1 கோடிக்கு மேற்பட்டோருக்கு 2 சதவீதம் கூடுதல் மேல்வரி விதித்தது. 9,000 கோடி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. அதாவது தலைக்கு 72 ரூபாய். ஒன்பது மடங்கு உயர்வுதான். ஆயினும் வீட்டுச் செலவைத் தாங்கப் போதாது.

அப்படியானால் பயனில்லையா? அவசரப்பட வேண்டாம். 2019-ல் கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைத்தபோது, இதர சலுகைகளையும் சேர்த்து ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. இது தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல். வரி குறைந்தால் தொழில் பெருகும் என்பது அரசின் வாதம். அதை ஒதுக்கிவிட இயலாது. ஆனால் ஊற்றுள்ள கிணறு எது என்பது இதிலிருந்து விளங்கும்.

கிணற்றில் நீர் இருந்தால் மட்டும் போதாது, வாய்க்காலும் ஒழுங்காக இருக்க வேண்டும். 2016-ல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அறிவிக்கப்பட்டபோது, குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. பணக்காரரிடம் ஒரு கையால் வாங்கி, மறு கையால் அவருக்கே திருப்பிக் கொடுத்தால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பணத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தும், கிராமத்துக்குப் பேருந்தும் வந்தால் ஏழைக்கே முதல் பயன்.

எனவே, வரி போடலாம், போடவும் வேண்டும். ஆனால் மேடையில் யார் வாக்குறுதி கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வரி, தலைக்கு எவ்வளவு தேறும்? அது யார் வயலில் பாயும்?